தெரியவில்லை என்ற விசை

என் மனைவி சேற்றை எண்ணுகிறாள்.
சிரிக்காதீர்கள். நான் சிரித்து முடித்துவிட்டேன்.

தார்த்து நகரில் நான்காம் எண் பேருந்து என்னுடையது.
என் நாளுக்கு நிமிடக் கணக்கு உண்டு:
சந்தை 7.12, பாலம் 7.16, மருத்துவமனை 7.23.
ஹெல்வேயின் நாளுக்கு அப்படி எதுவும் இல்லை.

பதினேழு வருடம் முன்பு இளங்கலை வாங்கினாள்.
சட்டம் போட்டு மாட்டவில்லை. சலவை இயந்திரத்தின்
உத்தரவாத அட்டையோடு ஒரே உறையில் கிடந்தது.
பால் ஆலையில் கொழுப்புச் சதவீதம் பார்த்தாள்.
பிரெத் பிறந்தாள். கடன் வாங்கினோம். கடன் பாதியானது.
அப்புறம் ஓர் ஆகஸ்ட் மாலை
உருளைக்கிழங்குத் தோலைப் பார்த்தபடி
"விண்ணப்பித்துவிட்டேன்" என்றாள்,
கோப்பையை உடைத்துவிட்டேன் என்பதுபோல.

முதுகலை. நாற்பத்தொரு வயதில்.
முதல் நாள், அறையைத் திறக்க வந்தவர் என்று
நினைத்தார்களாம் பிள்ளைகள்.
உதவித்தொகை வந்தது,
கடன் தவணையைப் பார்த்து வெட்கப்பட்டது.
"படித்து முடித்தால் என்ன வேலை?" என்றான் என் அண்ணன் ரைகோ.
"இன்னும் படிக்கிற வேலை" என்றேன்.
அது பதிலில்லை. ஆனாலும் வாயை மூடினான்.

பிப்ரவரியில் சதுப்பு உறைந்தது.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
அவள் ஆழம் தெரிந்துகொள்ளத்தான் காலை விட்டாள்.
துளைக்கருவியின் மறுபிடி என் கையில்.
ஐந்து மீட்டர் நாற்பது.
ஒரு மீட்டருக்கு ஆயிரம் வருடம் என்றாள்.
எனக்குத் தெரிந்தது, என் கையுறைக்குள் விரல்கள் இல்லை.
வெளியே வந்தது கறுப்பாய், வழவழவென்று,
அழுகிய முட்டை நாற்றத்தோடு.
குளித்த குழந்தையைத் துண்டில் சுற்றுவதுபோல்
அதைச் சுற்றினாள்.

அமிலத்தில் வேகவைத்து, சாயம் ஏற்றி,
கண்ணாடித் தகடு ஒன்றுக்கு ஐந்நூறு மகரந்தத் துகள்.
பைன், பிர்ச், ஆல்டர், புல்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை, ஒரு டிக்.
தூக்கத்திலும் அவள் கட்டைவிரல் துடித்தது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை
கோட்டைக் கழற்றாமலே வெங்காயம் நறுக்கினாள்.
ஹேசல் மரத்துக்கும் சதுப்பு மிர்ட்டில் புதருக்கும்
துகள் ஒரே அச்சு. மூன்று மூலை, ஒரே பருமன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தும்
இரண்டையும் ஹேசல் என்றே எண்ணியிருக்கிறாள்.
நாற்பத்திரண்டு தகடு. எட்டு மாதம்.

"யார் கண்டுபிடித்தது?"
"நான்தான்."
"வேறு யாருக்குத் தெரியும்?"
நிறுத்தத்தில் ஆள் நிற்பதைக் கண்டும்
நிறுத்தாமல் போன ஓட்டுநரைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
வெங்காயம் எனக்கும் எரிந்தது.

முதல் தகட்டிலிருந்து மறுபடி.
பல்கலைக்கழகப் படிவத்தில் ஒரு கட்டம்: முடிக்கும் நாள்.
பேனாவை அதன்மேல் வைத்தாள், எடுத்தாள்.
குளிர்பதனப் பெட்டியில் காந்தத்தின் கீழ்
அது இன்னும் தொங்குகிறது,
பிரெத்தின் பல் மருத்துவர் சீட்டோடு.

நேற்று கடைசி நடை முடித்து ஆய்வகம் போனேன்.
11.40. மூன்றாம் மாடியில் ஒரே ஒரு மஞ்சள் சன்னல்.
முக்காலியில் என்னை உட்காரவைத்து, "பார்" என்றாள்.
இளஞ்சிவப்பாய் ஏதோ. மூன்று மூலை.
"ஹேசலா, மற்றதா?"
"எனக்கு இரண்டும் ஒன்றுதான்."
"எனக்கும்தான்" என்றவள்
ஓரத்து விசையை அழுத்தினாள்.
அதில் ஒட்டிய தாளில் அவள் கையெழுத்து: தெரியவில்லை.
மற்ற விசைகளைவிட
அதில்தான் மை அதிகம் தேய்ந்திருந்தது.

"முந்நூற்றுப் பதினொன்று" என்றாள்.
ஐந்நூறுக்கு இன்னும் எவ்வளவு என்று
நான் கேட்கவில்லை.
கோட்டைக் கழற்றினேன்.